வீப் மென்பொருள்: மூன்று கண்மாய்களில் வைத்துப் பார்த்தது

அய்யனார் கோயில் வேப்பமரத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, அதன்மேல் புரொஜெக்டர் வெளிச்சத்தை விட்டிருந்தோம். மூன்று ஊர்க் கண்மாய்ச் சங்கத்தாரும் தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கின் முடிவு வேட்டியில் விழுந்தது. மேலக் கண்மாய்க்குச் சிவப்புக் கோடு, நடுக் கண்மாய்க்குப் பச்சை, கீழக் கண்மாய்க்கு நீலம். மழை குறைந்த ஆண்டுகளில் மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. மூன்று ஆயக்கட்டுக்கும், அதாவது அந்தந்தக் கண்மாய் பாயும் வயல்களுக்கும், ஒரே சதவீதப் பற்றாக்குறை என்று அதற்கு அர்த்தம். பார்க்க அழகாக இருந்தது.

மேலூர் நீர்ப்பாய்ச்சி ஐயா எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். வேட்டியில் அந்தக் கோடுகளைத் தொட்டுக்கொண்டே கேட்டார்: "ஏந் தாயி, மேக்கண்மா நெறையாம கீக்கண்மாய்க்கு எப்பிடித் தண்ணி போகும்? கலுங்கு பாஞ்சாத்தான போகும்?"

அவர் சொன்னது சரி. என் கணக்கு தப்பு. எங்கே தப்பு என்று தேடிப் போனபோதுதான் இந்த மென்பொருளை உண்மையாகவே புரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அதன் பெயர் வீப் (WEAP). இருக்கிற தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று பங்குக் கணக்குப் போடும் மென்பொருள். இரண்டு ஆண்டுகளாக அதில்தான் வேலை பார்க்கிறேன். நீர்வள வேலையில் இருக்கிற யாராவது இதை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வேளாண் பொறியியல் படித்தவள். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசன சங்கங்களோடு வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். நான் எடுத்துக்கொண்டது சருகணி ஆற்றுப் பக்கம் வடியும் ஒரு சங்கிலித் தொடர்: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அணைத் தண்ணீர் வராத, மழையை மட்டும் நம்பிய கண்மாய்கள். மேலது நிறைந்து கலுங்கு, அதாவது உபரித் தண்ணீர் வழியும் கல்கட்டு, பாய்ந்தால் நடுவுக்கு வரத்து. நடு பாய்ந்தால் கீழுக்கு. தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கு மேல் ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. அவற்றில் நிறைய இப்படித் தொடராகத்தான் கிடக்கின்றன.

வீப்பை உருவாக்கியது ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனம், அதாவது எஸ்.ஈ.ஐ.யின் அமெரிக்க மையம். 1988-இல் தொடங்கிய வேலை. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் பகுதியில்தான் முதலில் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதால் வற்றிப்போன அந்தக் கடலின் நீர்க்கணக்கைப் பார்க்கப் பிறந்த கருவி என்பதை மனசில் வைத்துக்கொண்டால், இதன் குணம் புரியும். இது ஒரு வரவு செலவுக் கணக்குப் புத்தகம். ஆறு எவ்வளவு கொண்டுவருகிறது, யார் யார் கேட்கிறார்கள், யாருக்கு முதலில், மிச்சம் எவ்வளவு. வெள்ளம் எத்தனை மணிக்குக் கரையைத் தாண்டும் என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

விலை பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களைப் போன்ற இடங்களில் அதுதான் முதல் கேள்வி. வளரும் நாடுகளில் இருக்கும் லாப நோக்கமற்ற அமைப்புகள், அரசுத் துறைகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு உரிமம் இலவசம். விண்ணப்பித்துப் பெற வேண்டும். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். தனியார் ஆலோசனை நிறுவனம் என்றால் காசு. உரிமம் இல்லாமலும் இறக்கிப் பார்க்கலாம், ஆனால் செய்த வேலையைச் சேமிக்க முடியாது. விண்டோஸில் ஓடும். எங்களிடம் இருப்பது ஆறு வருடப் பழைய லேப்டாப், அதிலேயே ஓடுகிறது.

கற்றுக்கொள்வது கடினமில்லை. கூடவே வருகிற பயிற்சிப் பாடத்தில் 'ஒரு மணி நேரத்தில் வீப்' என்று ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு ஒரு மணி நேரத்தில் முடியவில்லை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஆனால் அன்று சாயங்காலமே ஒரு ஆறு, ஒரு ஊர், ஒரு வயல் என்று வரைந்து, ஓட்டி, வரைபடம் பார்த்துவிட்டேன். திரையில் நீலக் கோடு இழுத்தால் ஆறு. பச்சை முக்கோணம் வைத்தால் அணை, ஏரி, கண்மாய். சிவப்புப் புள்ளி வைத்தால் தண்ணீர் கேட்கிற இடம். பச்சைக் கோடு இழுத்து இரண்டையும் இணைத்தால் கால்வாய். பின்னணியில் க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்த எங்கள் ஊர் வரைபடத்தைப் போட்டுக்கொண்டேன். சங்கச் செயலாளர் பார்த்த உடனே, "இது நம்ம கண்மாயில்ல!" என்று விரலை வைத்துவிட்டார். எக்செல் கட்டங்களைக் காட்டியபோது இந்த மாதிரி யாரும் கிட்டே வந்ததில்லை.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன்.

வீப்பில் தண்ணீர் கேட்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. 1 முதல் 99 வரை. 1 என்றால் முதலில், 99 என்றால் கடைசியில். நாம் எதுவும் மாற்றாவிட்டால் எல்லா வயலுக்கும் எல்லா ஊருக்கும் 1 என்று எடுத்துக்கொள்ளும். ஒரே எண் உள்ளவர்களுக்குத் தண்ணீர் போதாவிட்டால், எல்லாருக்கும் ஒரே சதவீதம் கிடைக்கிற மாதிரிப் பங்கு போடும். நீரைத் தேக்கி வைக்கும் இடத்துக்கோ, அதாவது பச்சை முக்கோணத்துக்கு, தானாக விழும் எண் 99. எல்லார் தேவையும் தீர்ந்த பிறகுதான் தேக்கி வைக்கலாம் என்பது அதன் பொருள்.

ஒரு பெரிய அணையை மனசில் வைத்து யோசித்தால் இதில் குற்றமே இல்லை. அணையில் ஒரு பொறியாளர் இருப்பார், கையில் ஷட்டர் இருக்கும், மேல்மடைக்கும் கடைமடைக்கும் பார்த்துத் திறந்துவிடுவார். எங்கள் சங்கிலியில் அப்படி ஒருவரும் இல்லை. மேலக் கண்மாயின் மடை மேலூர் வயலுக்கு மட்டும்தான் திறக்கும். கீழே போவது கலுங்குக்கு மேல் வழிவதுதான். நானோ எதையும் மாற்றாமல் ஓட்டியிருந்தேன். மென்பொருள் மேலக் கண்மாயில் கிடந்த தண்ணீரை எடுத்து, மூன்று மைல் தள்ளியிருக்கும் கீழூர் வயலுக்குக் காகிதத்தில் பாய்ச்சிவிட்டது. இல்லாத ஒரு அதிகாரியை நான் உட்கார வைத்திருக்கிறேன். ஐயாவின் கண்ணுக்கு அது பட்டுவிட்டது.

அன்று ராத்திரியே திருத்த முடிந்தது. மேலூர் ஆயக்கட்டுக்கு 2, மேலக் கண்மாய்த் தேக்கத்துக்கு 3, நடு ஆயக்கட்டுக்கு 4, நடுக் கண்மாய்க்கு 5, கீழ் ஆயக்கட்டுக்கு 6, கீழக் கண்மாய்க்கு 7. இப்படிப் போட்டால் மேலக் கண்மாய் நிறைகிற வரைக்கும் நடு ஆயக்கட்டு கேட்டாலும் தராது, வழிந்தால்தான் போகும். 1 யாருக்கு என்று கேட்பீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் அதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. பிறகு நடு ஊர்ப் பெரியம்மா ஒருவர் சொன்னார்: "ஊருணிக்குப் போடு. எந்த ஊரு ஊருணி காஞ்சாலும் மேலூர்க்காரவுக ஒரு ராத்திரிக்கு மடையத் தெறந்து விடுவாக. எங்க அப்பத்தா காலத்துல இருந்து அப்பிடித்தான்." மேலூர்க்காரர்கள் யாரும் மறுக்கவில்லை. மூன்று ஊருணிக்கும் 1 போட்டேன்.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வழக்கம் அது. எட்டு வருஷமாக அந்த ஊர்களுக்குப் போய்வருகிறேன், எனக்கே தெரியாது. முன்னுரிமை எண் என்று ஒரு காலிக் கட்டம் திரையில் இருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், பதிலும் வந்தது. வீப் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். அதன் விடைகளைவிட, அது நிரப்பச் சொல்லிக் காட்டுகிற காலிக் கட்டங்கள் மேல். ஆனால் அந்தக் கட்டங்களில் ஏற்கெனவே ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது. கேள்வி கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டால், யாரோ எங்கோ யோசித்த நியாயம் நம் ஊர்க் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

இன்னொரு கட்டமும் இப்படித்தான். வீப்பில் தேக்கத்தை மூன்று நான்கு அடுக்காகப் பிரிக்கலாம். மேலே வெள்ளத்துக்கு ஒதுக்கியது, அதற்குக் கீழே தாராளமாக எடுக்கிற பகுதி, அதற்குக் கீழே சிக்கனப் பகுதி, அடியில் தொடக்கூடாத பகுதி. சிக்கனப் பகுதிக்கு ஒரு விகிதம் கொடுக்க வேண்டும்: ஒரு தவணையில், அதாவது ஒரு கணக்குக் காலத்தில், அங்கே இருப்பதில் எத்தனை பங்கு எடுக்கலாம் என்று. இதை விளக்க ஆரம்பித்ததும் நீர்ப்பாய்ச்சி ஐயா என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மடைக்கு இறங்கும் கல்படிகளைக் காட்டினார். மூணாம் படி தெரிகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் பாய்ச்சலாம். மூணாம் படி தெரிந்துவிட்டால் முறைப் பாய்ச்சல், ஏக்கருக்கு இத்தனை நாழிகை என்று. மடைக்கண்ணுக்குக் கீழே கிடப்பது மாட்டுத் தண்ணி, அதில் எவரும் இன்ஜின் வைத்து இறைக்கக்கூடாது. மூணாம் படியின் மட்டத்தை ஆட்டோ லெவல் வைத்து எடுத்தேன். அப்படியே சிக்கனப் பகுதியின் மேல்மட்டமாகப் போட்டேன். மடைக்கண் மட்டம் தொடக்கூடாத பகுதியானது. ஒரு பாறாங்கல் படி நேராகத் திரைக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பாராட்டியது போதும், இனி குறைகள். புதிதாக எடுக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

வீப் தானாக எடுத்துக்கொள்ளும் தவணை மாதம். வருஷத்துக்குப் பன்னிரண்டு கணக்கு. காவிரி மாதிரிப் பெரிய வடிநிலத்துக்கு, பெரிய அணைகளுக்கு, மாதக் கணக்கு போதும். எங்கள் பக்கம் வருஷ மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மூன்று நாள் அடைமழையில் கண்மாய் நிறையும், பிறகு இருபத்தைந்து நாள் வானம் வெளுத்துக் கிடக்கும். மாதக் கணக்கில் அந்த மூன்று நாளும் மாதம் முழுக்கப் பரவிவிடும்.

எண்ணில் சொன்னால்தான் விளங்கும். மேலக் கண்மாயின் கொள்ளளவு 14 மில்லியன் கன அடி என்று வையுங்கள். மாத ஆரம்பத்தில் 2 இருக்கிறது, இன்னும் 12-க்கு இடம். மாதத் தொடக்கத்திலேயே மூன்று நாள் மழையில் 24 வருகிறது. அந்த மாதம் வயலுக்கு வேண்டியது 8. மாதக் கணக்கு என்ன செய்யும்? 24-இல் வயலுக்கு 8 கொடுத்துவிட்டு, மிச்சம் 16-இல் 12-ஐத் தேக்கி, 4-ஐ வழியவிடும். மாத முடிவில் கண்மாய் நிறைந்து நிற்கும். நேரில் நடப்பது வேறு. மூன்று நாளில் 12 நிறைந்து, மீதி 12 கலுங்கில் போய்விடும். அதற்குப் பிறகுதான் வயல் 8 குடிக்கும். மாத முடிவில் கண்மாயில் இருப்பது 6. கணினியில் நிறைகண்மாய், நேரில் அரைக்கண்மாய்க்கும் கீழே. கீழே போன தண்ணீரோ கணினியில் 4, நேரில் 12.

மேலூர்க்காரன் வைத்துக்கொள்கிறான், கீழூர்க்காரன் ஏங்குகிறான் என்ற சண்டையில் இந்தக் கணக்கைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? இருக்கிற பகையில் பொய் எண்ணையும் ஊற்றியதாகிவிடும். ஆகவே கண்மாய், குளம் என்று வேலை செய்கிறவர்கள் கட்டாயம் தினக் கணக்குக்கு மாற்றுங்கள். வீப்பில் அதற்கு வசதி இருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை தவணை என்ற இடத்தில் 365 கொடுக்கலாம். முப்பது வருஷத்தைத் தினக் கணக்கில் ஓட்டினால் எங்கள் லேப்டாப் நேரம் எடுக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

மாற்றும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். சிக்கனப் பகுதிக்குக் கொடுத்த விகிதம் ஒரு தவணைக்கானது. மாதக் கணக்கில் 0.25 என்று போட்டிருந்தேன். மாதத்துக்குக் கால்பங்கு எடுக்கலாம் என்று அர்த்தம். தினக் கணக்குக்கு மாற்றியபோது அதைத் தொட மறந்துவிட்டேன். மென்பொருள் தினமும் கால்பங்கு எடுக்க ஆரம்பித்தது. பத்து நாளில் சிக்கனப் பகுதியில் நூற்றுக்கு ஆறு பங்குகூட மிஞ்சவில்லை. தை மாதம் நெல் பால்பிடிக்கிற நேரத்தில் கண்மாய் காய்ந்துபோனதாகக் காட்டியது. நாளுக்கு 0.01 என்று மாற்றியதும் சரியானது.

அலகு விஷயத்திலும் ஜாக்கிரதை. நம் பொறியாளர்கள் பேசுவது எம்சிஎஃப்டி, அதாவது மில்லியன் கன அடி. வீப்பில் நான் வைத்திருப்பது கன மீட்டர். 1 எம்சிஎஃப்டி என்றால் 28,317 கன மீட்டர். முதல் முறை கீழக் கண்மாய்க்கு மில்லியன் கன அடி எண்ணை அப்படியே மில்லியன் கன மீட்டர் கட்டத்தில் போட்டுவிட்டேன். 35 மடங்கு பெரிய கண்மாய் உருவாகிவிட்டது. எந்த வறட்சியிலும் கீழூருக்குக் கவலையே இல்லை என்று வந்ததால்தான் கண்டுபிடித்தேன். அந்த மாற்றுக் கணக்கை ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மழை எவ்வளவு ஓடிவரும் என்பதை வீப்பே கணக்கிடும் வழிகள் சில இருக்கின்றன. எளிய வழி ஒன்று, பயிரும் மண்ணும் ஆவியாக்கியது போக மிச்சம் ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று மண்ணின் ஈரத்தை இரண்டு அடுக்காகப் பார்க்கும். மாபியா (MABIA) என்று ஒரு முறை, தினசரி பயிர்த் தேவையை நுணுக்கமாகப் போடும். நெல்லுக்கும் கடலைக்கும் எவ்வளவு வேண்டும் என்பதற்கு அது நன்றாக உதவியது. வரத்துக்கு மட்டும் நான் இவற்றில் எதையும் நம்பவில்லை. நம்ம ஊர்ப் பொதுப்பணிப் பொறியாளர்கள் ஸ்ட்ரேஞ்ச் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு காலங்காலமாகக் கண்மாய் வரத்தைப் போட்டிருக்கிறார்கள்: காய்ந்த மண்ணில் இவ்வளவு மழைக்கு இவ்வளவு ஓட்டம், நனைந்த மண்ணில் இவ்வளவு என்று. அதையும், மண்ணுக்கும் நிலத்துக்கும் தக்க ஒரு எண்ணை வைத்து ஓட்டத்தைப் போடும் கர்வ் நம்பர் முறையையும் எக்செல்லில் தினமழைக்குப் போட்டுப் பார்த்து, வந்த வரத்தை ஒரு சிஎஸ்வி கோப்பாக வீப்புக்குக் கொடுத்தேன். வெளிக் கோப்பிலிருந்து படித்துக்கொள்ள ஒரு கட்டளை இருக்கிறது, மிக வசதியானது. மழை அளவை மாற்றினால் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

தரவு கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. அது மென்பொருளின் குற்றமில்லை. மழை அளவுக்காக ஒரு அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். கடைசியில் கிடைத்தது கையால் எழுதிய பேரேட்டின் போட்டோ. அதை ஒவ்வொரு எண்ணாக நானும் என் தோழியும் தட்டினோம். கண்மாய்களின் கொள்ளளவுக்கு டேங்க் மெமாயர் இருக்கிறது, பழைய ஆவணம், அருமையான ஆவணம். ஆனால் அதில் மேலக் கண்மாய்க்கு 18 எம்சிஎஃப்டி என்று இருந்தது. பங்குனியில் கண்மாய் வற்றியதும் உள்வாயில் சீமைக்கருவேலுக்கு இடையில் கோடு போட்டு அளந்து பார்த்தோம். 14 தான் வந்தது. மிச்சம் வண்டல். 18 என்றே போட்டு ஓட்டியிருந்தால் கணக்கு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் பயன் இல்லை.

அளந்ததில் இன்னொரு லாபமும் உண்டு. எந்த மட்டத்தில் எவ்வளவு கொள்ளளவு என்ற அட்டவணை கையில் இருந்தால்தான் ஆவியாதலை வீப் கணக்கிட முடியும். எங்கள் கண்மாய்கள் அகலமானவை, ஆழமில்லாதவை. 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் மாதத்துக்கு 2 எம்சிஎஃப்டிக்கு மேல் போய்விடுகிறது. வயல் குடிக்காமல் வெயில் குடித்தது அது. மழை மாதங்களில் ஆவியாவதைவிட மழை அதிகம் விழுவதால் அந்த இடத்தில் கழித்தல் குறி போட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் கண்மாயின்மேல் நேராக விழும் மழை கணக்கில் வராது.

கிணறுகளுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. வயலுக்கு இரண்டு கோடு இழுத்து, கண்மாய் முதல் விருப்பம், கிணறு இரண்டாவது என்று சொல்லிவிடலாம். கண்மாயிலிருந்து கசிந்து கிணற்றுக்குப் போவதையும் கொடுக்கலாம். நிலத்தடி நீரை ஒரே தொட்டியாகத்தான் பார்க்கும் என்பதால் இதில் நான் ரொம்ப ஆழமாகப் போகவில்லை. மோட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருளோடு இணைக்க வழி இருக்கிறது; எங்களுக்கு அது அதிகப்படி.

சரி, இவ்வளவும் செய்து என்ன கண்டோம்? கலுங்குக் கல் விவகாரத்தைச் சொல்கிறேன்.

மேலக் கண்மாயின் கலுங்கில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். அவற்றுக்கு இடையில் பலகையும் வைக்கோலும் மண்ணும் அடைத்தால் ஒரு அடி கூடுதலாகத் தேக்கலாம். 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரு அடி என்றால் 4.36 எம்சிஎஃப்டி. சின்ன விஷயமில்லை. மேலூரார் ஐப்பசி பிறந்ததுமே அடைத்துவிடுவார்கள். கீழூரார் ராத்திரியோடு ராத்திரியாக வந்து பிடுங்கிவிடுவார்கள். போலீஸ் வரைக்கும் போனது உண்டு.

வீப்பில் ஒரு அடிப்படை ஆண்டை நிலையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் 'இப்படிச் செய்தால் என்ன' என்று எத்தனை கற்பனை வேண்டுமானாலும் அடுக்கலாம். சினாரியோ என்று அதற்குப் பெயர். நான் மூன்று போட்டேன். அடைக்கவே இல்லை என்றால், ஐப்பசியிலேயே அடைத்தால், கார்த்திகை தீபம் கழிந்து அடைத்தால். முப்பது வருஷ மழையில் மூன்றையும் ஓட்டினேன். நல்ல மழை ஆண்டில் எப்போது அடைத்தாலும் ஒன்றுதான், மூன்று கண்மாயும் பாய்கின்றன. மழை மிகக் குறைந்த ஆண்டிலும் ஒன்றுதான், மேலக் கண்மாயே கலுங்கைத் தொடுவதில்லை. வித்தியாசம் வருவது நடுத்தர ஆண்டுகளில். ஐப்பசியிலேயே அடைத்தால் அந்த ஆண்டுகளில் கீழக் கண்மாய்க்கு முதல் தண்ணீர் தாமதமாகிறது, நாற்றங்கால் கருகுகிறது. தீபம் கழிந்து அடைத்தாலும் பெரும்பாலான அந்த ஆண்டுகளில் கடைசி மழை ஒன்றைப் பிடித்து மேலூருக்கு அந்த ஒரு அடி கிடைத்துவிடுகிறது. கிடைக்காமல் போன ஆண்டுகளும் இருந்தன. அவற்றையும் மறைக்காமல் காட்டினேன்.

திரும்பவும் அதே வேப்பமரம், அதே வேட்டி. வீப்பில் சினாரியோ எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு திரை இருக்கிறது. அதில் ஒரு பொத்தானை இழுத்தால் கோடுகள் மாறும். அந்தப் பொத்தானை நான் இழுக்கவில்லை. கீழூர்த் தலைவரை இழுக்கச் சொன்னேன், பிறகு மேலூர்த் தலைவரை. "2012-ஐக் காட்டு" என்றார் ஒருவர். அந்த வருஷம் அவர் வீட்டில் மாட்டை விற்றிருக்கிறார்கள். காட்டினேன். கீழக் கண்மாய்க் கோடு தரையோடு கிடந்தது. "ஆமா, அப்பிடித்தான் கெடந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நான் போட்ட கணக்குக்கு அதைவிட நல்ல சோதனை வேறு இல்லை.

அன்றே சண்டை தீர்ந்துவிடவில்லை. மேலூரில் இளைஞர்கள் சிலர், கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு எங்கள் ஒரு அடியை விடுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைசி மழை தவறிப்போகும் ஆண்டில் மேலூருக்கு யார் ஈடு கொடுப்பது? வீப் அதற்குப் பதில் சொல்லாது, சொல்லவும் கூடாது. இரண்டு கூட்டம் கழித்து, நடுக் கண்மாய் கலுங்கு தொட்டதும் அடைக்கலாம், தேதி எதுவும் வேண்டாம் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் போட்ட மூன்று கற்பனையிலும் இல்லாத வழி அது. வீட்டுக்கு வந்து அதை நாலாவதாகப் போட்டு ஓட்டினேன். என் மூன்றையும்விட நன்றாக வந்தது.

மற்ற மென்பொருள்களோடு ஒப்பிடச் சொன்னால்: பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மட்டும் போதும் என்றால் எஃப்.ஏ.ஓ.வின் க்ராப்வாட் போதும், இலவசம், இரண்டு மணி நேரத்தில் பிடிபடும். வெள்ளம் பற்றிய கேள்வி என்றால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஹெக்-ஹெச்எம்எஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். டென்மார்க்கின் டி.ஹெச்.ஐ. தரும் மைக் வரிசை பெரிய அரசுத் திட்டங்களில் பயன்படுகிறது. நம் நாட்டின் நீரியல் திட்டத்தில் ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் முடிவெடுப்புக் கருவி அமைத்தபோது அந்தக் குடும்பத்தைத்தான் எடுத்தது. எங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. யாருக்கு எவ்வளவு, யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு, ஊரார் முன்னால் வைத்துப் பேசும்படியான ஒன்று வேண்டுமென்றால், இப்போதைக்கு நான் வீப்பைத்தான் கையில் எடுப்பேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அந்த ஒன்றைக் குறைத்தது மாதத் தவணைக்கும் தேக்கத்தின் 99-க்கும். இரண்டையும் மாற்ற முடியும், ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரியாதவர்களே அதிகம்.

இந்த ஆனியில் மூன்று மடைச் சுவரிலும் அடிக் கணக்குக்குக் கோடு போட்டு வெள்ளையும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்துவிட்டோம். மேலூர் நடுநிலைப்பள்ளியில் மழைமானி வைத்திருக்கிறோம். காலை எட்டரைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். முதல் இரண்டு வாரம் மழையே இல்லை, ஆனாலும் தினமும் 0.0 என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழை வந்ததும் கோட்டில் தெரியும் மட்டத்தையும் வீப் சொல்லும் மட்டத்தையும் நாளுக்கு நாள் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்போகிறோம். நீர்ப்பாய்ச்சி ஐயா தனக்கும் ஒரு நோட்டு வேண்டுமென்று வாங்கி வைத்திருக்கிறார்.